குருவில்லாக் காலமும் இல்ல வழிபாடும்: தமிழ்க் கிறித்தவரின் அன்றாட இறைப்பற்று வளர்ந்த வரலாறு (1542–1864)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் மதமாற்றம், மொழிபெயர்ப்பு, அச்சு, கல்வி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. திருமுழுக்குப் பெற்ற ஒருவர் அதன் பின்னர் வந்த நாள்களில் எவ்வாறு தம் விசுவாசத்தில் வளர்ந்தார் என்ற வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. முத்துக்குளித்துறை, யாழ்ப்பாணம், தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகிய களங்களைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. குருமார் எண்ணிக்கை எப்போதும் போதாதிருந்த சூழலில், மனனம், வாசிப்பு, பாட்டு, காணிக்கை என்னும் நான்கு அன்றாடப் பழக்கங்கள் வழிபாட்டின் பொறுப்பைக் கோயிலிலிருந்து இல்லத்திற்குக் கொண்டுவந்தன என்பதும், அப்பொறுப்பே பின்னர்த் திருச்சபைத் தலைமையோடு மோதலுக்கும் வழிகோலியது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச் சொற்கள்: இல்ல வழிபாடு, உபதேசியார், மனனம், அச்சுநூல், கீர்த்தனை, வேதநாயக சாஸ்திரியார், பிடியரிசி

1. முன்னுரை

சமய வாழ்வில் தொடக்கம் வேறு, வளர்ச்சி வேறு. தொடக்கத்திற்கு நாள் உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டில் அந்நாளைக் காணலாம். வளர்ச்சிக்கு அத்தகைய பதிவேடு இல்லை. விடியற்காலையில் சொல்லப்படும் செபத்திலும், அடுப்பில் உலை வைக்கும்போது எடுத்து வைக்கப்படும் பிடியரிசியிலும், குழந்தைக்குச் சொல்லித்தரப்படும் பாட்டிலும் அது நிகழ்கிறது. நிகழ்வுகளைத் தேடும் வரலாற்றாசிரியரின் கண்ணுக்கு இவை எளிதில் புலப்படுவதில்லை. எனினும் ஒரு சமயம் ஒரு மண்ணில் நிலைபெறுவது இவற்றால்தான்.

தமிழ்க் கிறித்தவத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை கூடுதல் அழுத்தம் பெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, தமிழ் பேசும் கிறித்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குருமார் ஒருபோதும் இருந்ததில்லை. பல ஊர்களில் குரு வருவது ஆண்டிற்கு ஓரிரு முறையே. போரும், ஆட்சி மாற்றமும், துறவற சபைகளுக்கு நேர்ந்த தடைகளும் அவ்வருகையையும் சில காலங்களில் நிறுத்தின. இவ்வாறு குரு இல்லாத இடத்தையும் காலத்தையும் இக்கட்டுரை 'குருவில்லாக் காலம்' என்று குறிக்கிறது. அக்காலத்தில் விசுவாசம் தேய்ந்ததா, வளர்ந்ததா, வளர்ந்ததெனின் எவற்றால் வளர்ந்தது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

2. மனனம்: முத்துக்குளித்துறையின் முதற் பாடம்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பின் மீதான உரிமை, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு ஆகிய உலகியல் காரணங்கள் அதற்குப் பின்னணியாயிருந்தன என்பது வரலாற்றறிஞர் பலரும் ஏற்பது. திருமுழுக்கிற்குப் பின்னர் ஓரிரு ஆண்டுகள் அல்ல, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர்களுக்கு முறையான சமயக் கல்வி கிட்டவில்லை. பெயரளவில் நிகழ்ந்த ஒரு மாற்றம் வாழ்வளவில் எவ்வாறு பொருள் பெற்றது என்பதை ஆராய இதுவே தக்க தொடக்கமாகும்.

1542இல் இந்தியா வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அவ்வாண்டிலேயே இக்கடற்கரையை அடைந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுக்கீசியமும் அறிந்த உள்ளூராரின் துணையோடு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தைச் செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கச்செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியுடன் ஊர்த்தெருக்களில் நடந்து சிறுவரைக் கூட்டினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடல் இம்முறையை விரிவாக விளக்குகிறது.

அம்மடலில் இரு செய்திகள் நம் ஆய்விற்கு இன்றியமையாதவை. முதலாவது, சிறுவர் தாம் கற்றதைத் தம் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டையயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று சவேரியார் பணித்தமை. இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் படி ஒன்றை விட்டுச் சென்று, எழுத அறிந்தோர் அதைப் படியெடுத்து மனனம் செய்து நாள்தோறும் சொல்லவும், திருநாள்களில் அனைவரும் ஒன்றுகூடி ஓதவும் ஏற்பாடு செய்தமை. அவர் எந்த ஊரிலும் நிலையாகத் தங்கவில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற செபங்கள் அங்கேயே தங்கின. குருவின் குரல் ஓய்ந்த பின்னரும் ஒலிக்கத்தக்க ஒரு குரலை வீட்டிற்குள் அமைப்பதே இவ்வேற்பாட்டின் நோக்கமாகும்.

இங்கு இயல்பான மரபொழுங்கு தலைகீழாவதையும் கருத வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வதே மரபு. முத்துக்குளித்துறையில் முதல் தலைமுறையினர் தம் பிள்ளைகளின் வாயிலாகச் செபம் கற்றனர். மனனம் செய்து ஓதுதல் தமிழர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளி மரபே மனனத்தின் மேல் எழுந்தது. புதிய உள்ளடக்கம் பழைய கல்விமுறையின் தடத்திலேயே சென்றதால்தான் அது விரைவில் வேரூன்றியது எனலாம்.

3. வாசிப்பு: அச்சுநூல் தந்த தன்னாய்வு

மனனம் செய்த செபத்தை நாள்தோறும் சொல்வதால் மட்டும் ஒருவர் விசுவாசத்தில் வளர்ந்துவிடுவாரா? இவ்வினாவை எதிர்கொண்டவராக அன்றீக்கு அடிகளாரைக் குறிப்பிடலாம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கடற்கரையில் பணியாற்றி 1600இல் மறைந்த இவர், தமிழைப் பேசவும் எழுதவும் நன்கு கற்றவர். இவர்தம் அச்சுநூல்களைத் தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளாகவே நாம் போற்றி வருகிறோம். அவற்றை வரிசையாக வைத்து நோக்கினால், ஒரு விசுவாசியின் வளர்ச்சிக்கான படிநிலைத் திட்டமொன்று அவற்றுள் அமைந்திருப்பது புலனாகும்.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. அடிப்படைச் செபங்களையும் கோட்பாடுகளையும் தருவது. 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' நூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. வினாவிடை வடிவில், சொல்லும் செபத்தின் பொருளை விளக்குவது. 1580இல் வெளியான நூல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவர் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கற்பிப்பது. 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரிந்து, திருநாள்களையும் புனிதர்களின் வாழ்வையும் எடுத்துரைப்பது.

இந்நான்கினையும் முறையே செபித்தல், பொருளுணர்தல், தன்னை ஆராய்தல், முன்மாதிரியைப் பின்பற்றுதல் என்று வகுக்கலாம். மூன்றாவது படி தனித்துக் கருதத்தக்கது. ஒருவர் தம் அன்றாடச் செயல்களைத் தாமே கணக்கெடுத்துப் பார்க்கும் பழக்கத்தை அது கோருகிறது. வாணிகத்தில் பொய் சொன்னேனா, அண்டை வீட்டாரோடு பகை பாராட்டினேனா என்று தன் நெஞ்சைத் தானே வினவும் இப்பழக்கத்திற்குக் குரு அருகில் இருக்க வேண்டிய தேவையில்லை. வினாக்கள் தெரிந்திருந்தால் போதும். ஆண்டிற்கு ஒருமுறை நிகழக்கூடிய பாவசங்கீர்த்தனம், இவ்வாறு ஆண்டு முழுவதற்குமான தன்னாய்வாக விரிந்தது.

எழுத்தறிவு மிகச் சிலருக்கே இருந்த காலத்தில் அச்சுநூலின் பயன் எத்தகையது என்ற ஐயம் எழலாம். அக்கால வாசிப்பு பெரிதும் வாய்விட்டு வாசித்தலே. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது இராமாயண, பாரத வாசிப்புகளால் தமிழ்ச் சமூகம் நன்கு அறிந்த வழக்கம். திருநாள்தோறும் வாசித்தற்குரிய முறையில் அமைந்த 'அடியார் வரலாறு' இவ்வழக்கத்திற்குப் பொருந்தி நின்றது.

4. உபதேசியார்: இல்லத்திற்கும் குருவிற்கும் இடையில்

மனனத்தையும் வாசிப்பையும் நடத்திச் சென்றவர் உபதேசியார். கத்தோலிக்க மரபில் வேதியர் என்றும் வழங்கப்பட்ட இவர், குருப்பட்டம் பெறாத இல்லறத்தார். நோயுற்றோரைச் சந்தித்தல், சாகும் தறுவாயில் உள்ளோர்க்குத் துணைநிற்றல், குழந்தைகளுக்குக் கற்பித்தல், ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுதல் ஆகியவை இவர் கடமைகள்.

மக்களின் வளர்ச்சிக்குப் பொறுப்பானவரே வளரவில்லையெனில் என் செய்வது? இக்கவலையின் விளைவே வீரமாமுனிவர் 1727இல் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்'. 'தேம்பாவணி' பாடிய புலவர், அதற்கு அடுத்து எழுதிய இவ்வுரைநடை நூலில் உபதேசியாரின் அகவாழ்வையும் புறவொழுக்கத்தையும் பேசுகிறார். தமிழ் உரைநடை வளர்ச்சியில் இந்நூலுக்குரிய இடம் அறிஞரால் பலபட ஆராயப்பட்டுள்ளது. இறைப்பற்று வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. குருவல்லாத ஒரு தமிழரின் ஆன்மிக வளர்ச்சியைத் தனிப்பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதப்பட வேண்டிய நிலை அன்று இருந்தது என்பதை அது காட்டுகிறது. மதுரை மிஷனில் விசுவாசத்தின் அன்றாடப் பொறுப்பு யார் தோள்மேல் இருந்தது என்பதற்கு அந்நூலின் இருப்பே சான்றாகும்.

5. யாழ்ப்பாணம்: குரு இல்லாத முப்பது ஆண்டுகள்

மேற்கூறிய பழக்கங்கள் உண்மையிலேயே நிலைத்தவையா என்பதை வரலாறே ஒருமுறை சோதித்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாக மாற்றப்பட்டன. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. அரசு வேலைக்கும் சட்டப்படியான திருமணத்திற்கும் ஒல்லாந்தரின் சபை உறுப்புரிமை தேவைப்பட்டது. பலர் வெளியில் அச்சபையினராகவும் வீட்டினுள் கத்தோலிக்கராகவும் வாழ்ந்தனர்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கத்தோலிக்கர் யாரென்று அறிய வழியின்றி, கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என அவர் வரலாறு கூறுகிறது. செபமாலையை அடையாளம் கண்டுகொண்ட வீடுகள் இருந்தன. சில்லாலை முதலிய ஊர்களில் விசுவாசம் அழியாதிருந்தது. 1689இல் கிறிஸ்து பிறப்பு இரவில் மறைவாகக் கூடிய கத்தோலிக்கர் ஒல்லாந்தரால் சிறைபிடிக்கப்பட்டனர். அதன் பின்னரும் வழிபாடு தொடர்ந்தது. 1711இல் கண்டியில் மறைந்த யோசேவாஸ் அடிகளார் 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

யோசேவாஸ் அடிகளாரின் துணிவைப் பாராட்டும் நூல்கள் பல. அவர் வந்தபோது செபமாலையை அடையாளம் காணும் ஒரு வீடாவது இருந்தது எவ்வாறு என்ற வினா அவற்றுள் பெரிதும் எழுப்பப்படவில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை திருப்பலியைக் கண்டதே இல்லை. அவர்களுக்குச் செபம் சொல்லித்தந்தவர்கள் வீட்டுப் பெரியோரும் ஊர் மூப்பருமே. சவேரியார் காலத்தில் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் சென்ற மனனம், இங்குப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் சென்றது. கோயில் பறிபோயினும் வழிபாடு பறிபோகாதிருக்க, அதை முன்னரே இல்லத்தில் குடியமர்த்தியிருந்த நூறாண்டுப் பழக்கமே காரணம் எனக் கருதலாம்.

பின்னர் வந்த சாங்கோபாங்க சுவாமிகள் என வழங்கப்படும் யாக்கோமே கொன்சால்வெசு அடிகளார் (இறப்பு 1742) தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் படைத்தார். கிறிஸ்துவின் பாடுகளைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் வியாகுலப் பிரசங்க மரபு அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. குருவின் மறையுரை இல்லாதவிடத்தும் வாசிப்போர் ஒருவர் இருப்பின் தவக்காலம் தவக்காலமாகவே நடைபெறும் என்பதே இம்மரபின் பயனாகும்.

தமிழகத்திலும் இத்தகைய காலம் வந்தது. 1773இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தபின், மதுரை மிஷன் போதிய குருமாரின்றி வாடியது. 1838இல் இயேசு சபையார் மீண்டும் வரும்வரை பல சிற்றூர்களில் உபதேசியாரும் குடும்பங்களுமே வழிபாட்டைக் காத்தனர்.

6. தரங்கம்பாடி: உள்ளத்தின் பக்தி

1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் செருமானியப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். 1675இல் ஸ்பேனர் வெளியிட்ட சீர்திருத்த வேண்டுகோளிலிருந்தும், ஹாலே நகரில் பிராங்கே உருவாக்கிய நிறுவனங்களிலிருந்தும் ஊக்கம் பெற்ற அவ்வியக்கம், கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாது. உள்ளம் மாறி அம்மாற்றம் அன்றாட ஒழுக்கத்தில் வெளிப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. சிறு குழுக்களாகக் கூடித் திருமறையை வாசித்தல், இல்லத்தலைவர் தம் குடும்பத்தை வழிபாட்டில் நடத்துதல் ஆகியவை அதன் நடைமுறைகள்.

ஆகவே சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் நற்செய்திகளும் அப்போஸ்தலர் பணியும் (1714), முழுப் புதிய ஏற்பாடும் (1715) கோயிலுக்கு மட்டுமன்றி வீட்டிற்கும் உரியவையாக எண்ணப்பட்டன. இதன் விளைவை இராசநாயக்கன் வாழ்வில் காணலாம். தஞ்சை அரசின் படைவீரராகவும் கத்தோலிக்கராகவும் இருந்த அவர், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் தற்செயலாகக் கைக்குக் கிடைக்க, அதை வாசித்தார். வாசிப்பே அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்து வந்தது. பின்னாளில் அவர் புகழ்பெற்ற உபதேசியாரானார். இங்குப் போதகர் யாரும் அவரைத் தேடிச் செல்லவில்லை; நூல் முன்னே சென்றது. 1733இல் ஆரோன் தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அருட்பொழிவு பெற்றார். உபதேசியாராக வளர்ந்து குருவானவர் அவர்.

ஆர்ந்து எழுதிய செருமானியப் பக்தி நூல்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழாக்கம் பெற்றன. செருமானிய ஞானப்பாட்டுகளைப் பெப்ரீசியசு (1711–1791) தமிழில் தந்தார். அவர்தம் விவிலிய மொழிபெயர்ப்பின் சொற்கள் இரண்டு தலைமுறைகளுக்குச் செபத்தின் சொற்களாகவே ஆயின. ஆனால் ஞானப்பாட்டுகளின் மெட்டு ஐரோப்பிய மெட்டு. கோயிலில் அவை ஒலித்தன. ஏற்றம் இறைப்பவரும் நாற்று நடுபவரும் எதைப் பாடுவது என்ற வினா விடையின்றி நின்றது.

7. பாட்டு: வேதநாயக சாஸ்திரியார்

அவ்வினாவிற்கு விடை தந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, இளம் வயதிலேயே சுவார்ச்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, தரங்கம்பாடியிலும் பயின்று, தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் சமகாலத்தவர். அவர்தம் ஆதரவையும் பெற்றவர்.

'பெத்லகேம் குறவஞ்சி', 'ஞானத்தச்ச நாடகம்', 'ஞான நொண்டி நாடகம்', 'சாஸ்திரக் கும்மி', 'ஜெபமாலை' என விரியும் அவர் படைப்புகளின் வடிவங்கள் ஆராயத்தக்கவை. குறவஞ்சி, நொண்டி நாடகம், கும்மி, ஏற்றப்பாட்டு ஆகிய இவை அனைத்தும் மக்கள் கூடும் முற்றத்திற்கும் உழைக்கும் வயலுக்கும் உரியவை. அவற்றைத் தேர்ந்ததன் வாயிலாக, செபம் சொல்லும் நேரம் தனி, உழைக்கும் நேரம் தனி என்ற பிரிவினையை அவர் நீக்கினார். 'சாஸ்திரக் கும்மி'யில் கிறித்தவரிடையே எஞ்சியிருந்த சகுனம், நாள் பார்த்தல் முதலிய நம்பிக்கைகளைச் சாடினார். மகளிர் கைகொட்டி ஆடும் கும்மியே இங்கு அறிவுரையின் கருவியானது.

மனனம் நாவில் செபத்தை வைத்தது. வாசிப்பு அதன் பொருளைத் தந்தது. பாட்டு அதை உடலின் இயக்கத்தோடும் உழைப்போடும் பிணைத்தது. இவ்வகையில் அன்றாட இறைப்பற்றின் மூன்றாம் படி பாட்டு எனலாம்.

8. மோதல்: அன்றாடம் யாருக்கு உரியது?

இல்லம் வழிபாட்டின் பொறுப்பை ஏற்றபோது அதன் மீதான உரிமையையும் ஏற்றது. 1798இல் சுவார்ச்சு மறைந்தபின் வந்த புதிய தலைமுறை மிஷனரிமார், தஞ்சைச் சபையின் வழக்கங்களை வேறு கண்ணோடு நோக்கினர். 1820களில் கருத்து வேறுபாடு முற்றியது. வேதநாயக சாஸ்திரியாரும் அவரோடு நின்ற சபையாரும் நான்கு குறைகளை முன்வைத்தனர்: பழகிய விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தியமை, சாதி வேறுபாடின்றி ஒன்றாக அமரவும் உண்ணவும் வற்புறுத்தியமை, விழாக்களில் மலர் பயன்படுத்துவதைத் தடுத்தமை, தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயில் வழிபாட்டிலிருந்து நீக்கியமை. இம்மோதலின் முடிவில் சாஸ்திரியார் மிஷன் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

இந்நான்கனுள் மூன்று, அன்றாடப் பக்தியின் கருவிகளைப் பற்றியவை. நாள்தோறும் சொல்லிப் பழகிய சொல்லை மாற்றுவது, எழுத்தில் ஒரு திருத்தம். நாவில் ஓர் இழப்பு. புதிய மொழிபெயர்ப்பு மூலத்திற்கு நெருக்கமாயிருக்கலாம். ஆயினும் தந்தை சொன்ன செபத்தைப் பிள்ளை சொல்ல இயலாமற்போவதைச் சபையார் சீர்திருத்தமாகக் காணவில்லை. மலரும் பாட்டும் அவ்வாறே.

எஞ்சிய ஒன்று, சாதி. இதில் சாஸ்திரியார் தரப்பின் நிலைப்பாட்டை நியாயப்படுத்த இயலாது. தரங்கம்பாடிக் காலம் முதலே கோயிலில் சாதிவாரியாக அமரும் வழக்கம் இருந்தது. பழைய மிஷனரிமார் அதைப் பொறுத்துக்கொண்டனர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றாக விலக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையைவிட்டு விலகினர். இல்லத்தைச் சார்ந்து வளர்ந்த இறைப்பற்று, அவ்வில்லத்தின் சுவர்களையும் தன்னோடு கொண்டு வந்தது. பக்தியைக் காத்த அதே இல்லமே சாதியையும் காத்தது. இல்ல வழிபாட்டின் வலிமையைப் பேசும் எந்த ஆய்வும் இவ்வுண்மையைத் தவிர்த்தல் முறையாகாது. மலர், பாட்டு, சொல் ஆகியவற்றில் மிஷனரிமார் தமிழ் வாழ்வை உணரத் தவறினர்; சாதியில் சபையார் தாம் நாள்தோறும் சொன்ன செபத்தின் பொருளை உணரத் தவறினர். இரு தவறுகளும் ஒரே மோதலுக்குள் பின்னிக் கிடந்தமையே அன்றைய துயரம்.

பாட்டைப் பொறுத்தவரை காலம் தீர்ப்பு வழங்கியது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார்; சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் பெருமிடம் பெற்றன. தஞ்சைக் கோயிலிலிருந்து நீக்கப்பட்ட இசைவடிவம், சாஸ்திரியார் வாழ்நாளிலேயே மற்றொரு மிஷனின் அச்சுநூலாகத் திரும்பி வந்தது. இன்று தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் அருகருகே பாடப்படுகின்றன.

9. காணிக்கை: நெல்லைச் சிற்றூர்களின் பங்களிப்பு

திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டை (1785), முதலூர் (1799) என வளர்ந்த சபைகளும் குருவில்லாக் காலத்தைக் கண்டவையே. 1790இல் அருட்பொழிவு பெற்ற சத்தியநாதன் போன்ற நாட்டுக் குருமாரும் உபதேசியாரும் அவற்றைத் தாங்கினர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு, இந்நிலைமையை ஒரு முறைமையாக்கினார். ஊர்தோறும் செபவீடு, அதில் காலையும் மாலையும் செபம், அதை நடத்த ஓர் உபதேசியார் என்பதே அம்முறைமை. துன்புறுத்தலுக்கு உள்ளான கிறித்தவர் குடியேற நிலம் வாங்குவதற்கென அவர் காலத்தில் தர்ம சங்கம் அமைந்தது.

இச்சீமையின் சபைகளில் பரவிய பிடியரிசிக் காணிக்கை நம் ஆய்விற்கு மிகவும் பொருந்துவது. சமைப்பதற்கென அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் இட்டு, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவருவது அவ்வழக்கம். பணப்புழக்கம் குறைந்த ஏழைக் குடும்பங்களும் பங்குகொள்ளத்தக்கது அது. அக்காணிக்கையைச் செலுத்துபவர் குடும்பத் தலைவர் அல்லர். அடுக்களையில் நிற்கும் பெண். கோயிலில் பேச இடமில்லாத பெண், நாள்தோறும் ஒருமுறை தன் கையால் செய்த வழிபாடு இது. பசியுள்ள வீட்டில் ஒரு பிடியைக் குறைப்பது எளிய செயலன்று. நாவிலும் அறிவிலும் உழைப்பிலும் வேரூன்றிய இறைப்பற்று, இங்கு உணவிலும் வேரூன்றியது.

10. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தமிழ்க் கிறித்தவரின் அன்றாட இறைப்பற்று, குருமார் பற்றாக்குறை என்னும் நடைமுறை நெருக்கடிக்கு விடையாக உருவானது. மனனம், வாசிப்பு, பாட்டு, காணிக்கை ஆகிய நான்கும் குரு இல்லாதபோதும் இயங்கத்தக்கனவாக அமைந்தன.

இரண்டாவது, இப்பழக்கங்கள் கத்தோலிக்கம், சீர்திருத்தம் என்னும் எல்லைகளைக் கடந்து ஒத்த தன்மை கொண்டவை. கோட்பாட்டில் வேறுபட்ட இரு மரபுகளும் இல்லத்தளவில் ஒரே வினாவிற்கு ஒத்த விடைகளைக் கண்டன. திண்ணைப் பள்ளி மனனம், வாய்விட்டு வாசிக்கும் மரபு, கும்மி, பிடியரிசி என அவை யாவும் தமிழ் வாழ்வில் முன்பே இருந்த தடங்களில் சென்றன.

மூன்றாவது, இல்லத்தின் பொறுப்பு இல்லத்தின் உரிமையானபோது, திருச்சபைத் தலைமையோடு மோதல் எழுந்தது. தஞ்சை நிகழ்வுகளைச் சாதிச் சிக்கலாக மட்டுமோ, பண்பாட்டு உரிமைப் போராட்டமாக மட்டுமோ காண்பது முழுமையாகாது. அவை இரண்டுமாகவே இருந்தன.

நான்காவது, இவ்வரலாற்றின் பெரும்பகுதி பெயரறியாதவர்களால் நிகழ்ந்தது. மடல்களும் மிஷன் அறிக்கைகளும் குருமாரின் பெயர்களைக் காத்துள்ளன. செபமாலையை முப்பதாண்டுகள் மறைத்து வைத்த யாழ்ப்பாணத்துத் தாயின் பெயரையோ, பிடியரிசி எடுத்து வைத்த நெல்லைப் பெண்ணின் பெயரையோ அவை சொல்வதில்லை. குடும்ப விவிலியங்களின் முதற்பக்கக் குறிப்புகள், கையெழுத்துப் பாட்டேடுகள், சபைக் கணக்கேடுகள் ஆகியவை இன்னும் பல வீடுகளிலும் ஆலயங்களிலும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவை செல்லரிக்குமுன் தொகுக்கப்படுமாயின், தமிழரின் அன்றாட இறைப்பற்று வரலாற்றை அதை வாழ்ந்தவர்களின் சான்றுகளைக் கொண்டே எழுத இயலும்.